பழைய சைக்கிள் பாகம் எந்த வருஷத்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கமெல்லாம் திண்ணையிலும் மாட்டுக்கொட்டகையிலும் பழைய சைக்கிள்கள் இன்னும் சாய்ந்து கிடக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துத் துடைத்து மறுபடி ஓட்ட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "இது எந்த வருஷம்?" என்றுதான். ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் முக்கால்வாசி நேரம் நேர்மையான பதில் "இந்த வருஷத்துக்கு முன்னால் இருக்காது, அந்த வருஷத்துக்குப் பின்னால் இருக்க வாய்ப்பில்லை" என்பதோடு நின்றுவிடும். ஏன் அப்படி, எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளாகவே இங்கே எழுதியிருக்கிறேன்.

தாத்தா இதை 1940இல் வாங்கினார் என்று வீட்டில் சொல்கிறார்கள். நம்பலாமா?

வீட்டில் சொல்வதை ஒதுக்காதீர்கள், ஆனால் அது எதைப் பற்றிய தகவல் என்று பாருங்கள். சைக்கிள் செய்யப்பட்ட வருஷம் ஒன்று, தாத்தா வாங்கிய வருஷம் இன்னொன்று, இப்போது அதில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு பாகத்தின் வருஷமும் வேறொன்று. வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது நடுவில் உள்ளது மட்டும்தான். அதிலும் "நாற்பதில்" என்று சொல்வது பெரும்பாலும் ஒரு குத்துமதிப்பு.

வருஷத்தை நேராகக் கேட்காமல், எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்டால் நல்ல பதில் வரும். நாகப்பட்டினத்தை அடித்த 1952 புயலுக்கு முன்னாடி சைக்கிள் வீட்டில் இருந்ததா? பெரிய அத்தை கல்யாணத்துக்கு அப்புறமா? மாப்பிள்ளைக்குச் சீராகக் கொடுத்த சைக்கிள் என்றால் பழைய கல்யாணப் பத்திரிகையைத் தேடுங்கள். அதில் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தாலும் போதும். நந்தன என்றால் 1952–53, ஜய என்றால் 1954–55. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும், ஆனால் அந்த அளவுக்குக் குழப்பம் வர வாய்ப்பில்லை. ரசீது கிடைத்தால் இன்னும் நல்லது. ரூபாய், அணா, பை என்று விலை போட்டிருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தியது, நயா பைசா என்று போட்டிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. அணாக் கணக்கிலேயே கொஞ்ச நாள் பில் எழுதிய கடைகளும் இருந்திருக்கும், அதனால் ஒன்றிரண்டு வருஷம் முன்பின் விட்டுக்கொள்ளுங்கள்.

பிரேமில் நம்பர் அடித்திருக்கிறது. அதை வைத்துச் சொல்லிவிடலாமே?

எல்லோரும் நினைப்பது இதுதான், அதிகம் ஏமாற்றம் தருவதும் இதுதான். நம்பர் என்பது தொழிற்சாலையின் கணக்குக்காக அடித்தது. அந்தக் கணக்குப் புத்தகம் கையில் இருந்தால்தான் அதற்கு அர்த்தம், பல கம்பெனிகளின் புத்தகங்கள் முழுமையாக மிஞ்சவில்லை. இங்கிலாந்தின் ராலே மாதிரி லட்சக்கணக்கில் சைக்கிள் செய்த கம்பெனிகளில் நம்பர் வரிசை ஒரே நேர்க்கோட்டில் ஓடவும் இல்லை. நடுவில் எழுத்து சேர்த்தார்கள், எடுத்தார்கள், மறுபடி சின்ன எண்ணிலிருந்து ஆரம்பித்தார்கள். அதனால் "என் நம்பர் ஐந்து இலக்கம், நண்பருடையது ஆறு இலக்கம், ஆகவே என்னுடையது பழையது" என்ற கணக்கு எடுபடாது.

இருந்தாலும் நம்பரைக் குறித்து வையுங்கள். சீட்டுக்குக் கீழே பார் வந்து சேரும் மூலையிலும், பெடல் அச்சு ஓடும் கூட்டின் அடியிலும், பின்சக்கர அச்சு உட்காரும் இடத்திலும் தேடுங்கள். பல கோட்டு பெயின்ட் ஏறியிருந்தால் சுரண்டாதீர்கள். மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் எழும்பி வரும்.

ஹப்பில் தேதி இருக்கும் என்கிறார்களே, அது உண்மையா?

ஹப் என்பது சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றி இருக்கும் உருளை. ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் ஹப் என்றால் உண்மை. பழைய சைக்கிளில் தயாரித்தவரே வருஷத்தை அடித்துக் கொடுத்த பாகங்கள் குறைவு, அதில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். இங்கிலாந்தில் நாட்டிங்காமில் 1902இல் ஆரம்பித்த கம்பெனி. அவர்களுடைய ஏ.டபிள்யூ. என்ற மூன்று கியர் ஹப் 1936இல் வந்தது. ஹப் உடம்பைக் கெரசின் துணியால் துடைத்து, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைச் சுற்றி மட்டும் பார்த்துவிட்டு விடாமல் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தால் கம்பெனிப் பெயர், அதன் பக்கத்தில் ஏ.டபிள்யூ., அதையொட்டி எண் தெரியும். 57 என்றால் 1957. அதோடு ஒட்டி இன்னொரு சின்ன எண் இருந்தால் அது மாதம். முப்பதுகளில் ஒற்றை எண் மட்டும் அடித்தார்கள், 8 என்றால் 1938.

சரி, இதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது ஹப் உடம்பு செய்த தேதி. உள்ளே இருக்கும் பல்லும் அச்சும் வேறு ஹப்பிலிருந்து எடுத்துப் போட்டதாக இருக்கலாம், அத்தனை வருஷமும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படிதான் செய்தார்கள். சக்கரமே வேறு சைக்கிளிலிருந்து வந்திருக்கலாம். அதோடு, ஹப் செய்து முடித்து, பெட்டியில் அடைத்து, கப்பலேறி, கடையில் காத்திருந்து சைக்கிளில் ஏறுவதற்குள் ஒரு வருஷம்கூட ஓடியிருக்கும். ஹப் 1951 என்றால் அந்தச் சக்கரம் 1951க்கு முன்னால் கோக்கப்படவில்லை என்பது மட்டும் உறுதி.

நம் பக்கத்தில் கியர் வைத்த சைக்கிள் அபூர்வம். சாதா ஹப்பில் பெயர் இருக்கும், தேதி எதிர்பார்க்க வேண்டாம். ஜப்பான் பாகங்கள் வைத்த சைக்கிள் கையில் இருந்தால் ஷிமானோ பாகங்களில் இரண்டு எழுத்துக் குறியீடு தேடுங்கள். முதல் எழுத்து வருஷம், அது 1976இல் ஆங்கில முதல் எழுத்திலிருந்து ஆரம்பிக்கிறது. இரண்டாவது எழுத்து மாதம்.

'மேட் இன் இங்கிலாந்து' என்று இருக்கிறது. அப்படியானால் சுதந்திரத்துக்கு முந்தியதுதானே?

இல்லை. 1947க்குப் பிறகும் இங்கிலாந்துச் சைக்கிளும் பாகமும் இங்கே இறங்கிக்கொண்டுதான் இருந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக இறுகத்தான் குறைந்தன. இதற்கு நடுவில் இங்கேயே தொழிற்சாலைகள் எழும்பின. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கி ஹெர்குலஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்களில் செய்தது. வங்காளத்தில் ஆசன்சோலில் சென் ராலே கம்பெனி ராலே, ஹம்பர், ரட்ஜ், ராபின்ஹுட் செய்தது. ஆரம்பத்தில் சில பாகங்கள் இங்கிலாந்திலிருந்தே வந்து இங்கே சேர்க்கப்பட்டன. ஆகவே அம்பத்தூர் பிரேமில் பர்மிங்காம் பெடல் இருந்தால் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று உடனே முடிவு கட்டாதீர்கள், தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்திருக்கலாம்.

எதிர்ப் பக்கமும் ஒன்று உண்டு. ஐ.எஸ்.ஐ. என்ற இந்தியத் தர முத்திரை இருக்கும் பாகம் 1955க்கு முந்தியதாக இருக்க முடியாது, அந்த முத்திரைத் திட்டமே அப்போதுதான் வந்தது. "வெள்ளைக்காரன் காலத்து சைக்கிள்" என்று விலை சொல்பவரிடம் ரிம்மையும் ஹேண்டில்பாரையும் ஒருமுறை நிதானமாகத் திருப்பிப் பாருங்கள்.

பேட்டண்ட் நம்பர் போட்டிருக்கிறது. அதில் தேதி கண்டுபிடிக்கலாமா?

கீழெல்லை, அதாவது எந்த வருஷத்துக்கு முன்னால் இருக்காது என்பதை மட்டும் கண்டுபிடிக்கலாம். இங்கிலாந்தில் 1915 வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் பேட்டண்ட் எண்ணை ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள், அதனால் எண்ணோடு வருஷமும் சேர்த்து எழுதுவது வழக்கம். 1916இலிருந்து 1,00,001இல் தொடங்கி ஒரே வரிசையாக ஓடியது. ஆறு இலக்க எண் என்றால் 1916க்குப் பிறகு என்று துணிந்து சொல்லலாம், சரியான வருஷத்தை அட்டவணையில் பார்க்கலாம். ஆனால் அது கண்டுபிடிப்பைப் பதிந்த வருஷம். அதே அச்சை வைத்து அதே எண்ணோடு இருபது, முப்பது வருஷம் பெல்லும் விளக்கும் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. 'ரெஜிஸ்டர்ட்' என்று சுருக்கி எழுதி ஒரு எண் இருந்தால் அது வடிவத்துக்கு வாங்கிய பதிவு எண், அதற்கு 1884இலிருந்து தனி வரிசை. அந்த எண்ணைப் பேட்டண்ட் அட்டவணையில் தேடினால் பல வருஷம் தள்ளிப்போய்விடும்.

நிக்கல் பூச்சு என்றால் பழசு, குரோம் என்றால் புதுசு என்பது சரியா?

பாதி சரி. குரோம் பூச்சு சைக்கிளில் பரவியது 1920களின் கடைசியிலும் 1930களின் தொடக்கத்திலும். அதற்கு முன் நிக்கல்தான். நிக்கல் கொஞ்சம் மஞ்சள் சாயலோடு மிதமாக மின்னும், குரோம் நீல வெளிச்சத்தோடு கண்ணாடி போல இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சாயங்கால வெயிலில் பார்த்தால் ஒருதரம் பழகிவிடும். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் உலோகத் தட்டுப்பாட்டால் பளபளப்புப் பாகங்களையே கறுப்பு அடித்து அனுப்பினார்கள், அதுவும் ஒரு துப்பு.

மீதிப் பாதி எங்கே உதைக்கிறது என்றால், குரோம் வந்த பிறகும் சில சின்னச் சாமான்களுக்கு நிக்கல் தொடர்ந்தது. அதைவிட முக்கியம், நம் ஊரில் மறுபூச்சு சாதாரணம். கும்பகோணம் பாத்திர ஊர், பாலிஷும் முலாமும் தெரிந்த கைகள் அக்கம்பக்கத்தில் எப்போதும் இருந்தன. பெல் மூடி கறுத்தால் கொடுத்துப் பளபளவென்று வாங்கி வந்துவிடுவார்கள். அதனால் வெளிப்பக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பெல் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். விளக்குக் கொக்கி மாட்டியிருந்த இடத்தைத் தளர்த்தி அதன் அடியில் மறைந்திருந்த பட்டையைப் பாருங்கள். ஹேண்டில்பாரில் கைப்பிடியை உருவிவிட்டு முனையைப் பாருங்கள். மறுபூச்சுக்கு முன்னால் ஆழமாகத் தேய்த்திருப்பார்கள், எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும். எழுத்து கூர்மையாக இருந்து பூச்சும் பழசாக இருந்தால் அது முதல் பூச்சு என்று நம்ப நியாயம் இருக்கிறது.

துருவைப் பார்த்து வயசு சொல்லலாமா?

முடியவே முடியாது. வேதாரண்யம் உப்பளத்துக்குப் பக்கத்தில் நின்ற சைக்கிள் சில வருஷத்திலேயே ரிம் அரித்து ஸ்போக்ஸ் கம்பி முறிந்துவிடும். அதே சைக்கிள் பாபநாசத்தில் ஒரு ரேழியில் எண்ணெய்த் துணி போட்டு மூடி நின்றிருந்தால் அறுபது வருஷம் ஆனாலும் துடைத்தால் மின்னும். வெள்ளத்தில் முழுகி எழுந்த சைக்கிளில் வண்டல் சேறு ஹப்புக்குள் போய் உட்கார்ந்து அச்சில் இருக்கும் கோனையும் பால்ஸ் குண்டுகளையும் தின்றிருக்கும். வெளியே பார்க்க மட்டும் நன்றாக இருக்கும். துரு சைக்கிள் எங்கே நின்றது என்பதைச் சொல்லும், எப்போது பிறந்தது என்பதைச் சொல்லாது.

மட்கார்டில் விற்ற கடையின் பெயர் இருக்கிறது. அது உதவுமா?

ரொம்ப உதவும். இதை யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம், முதல் வேலையாகப் பெயின்ட் அடித்து மூடிவிடுகிறார்கள். கடைச் சீட்டோ தகடோ இருந்தால் ஒவ்வொரு எழுத்தையும் படியுங்கள். 'மெட்ராஸ் ஸ்டேட்' என்று இருந்தால் 1969க்கு முன் அச்சடித்தது, அந்த வருஷம் ஜனவரியில்தான் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட்டுக்குப் பின். ஊர் 'மாயவரம்' என்றிருந்தால் பழசாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் இன்றைக்கும் வாயில் மாயவரம் என்றுதான் வருகிறது, அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். 'தஞ்சாவூர் மாவட்டம், நாகப்பட்டினம்' என்று இருந்தால் 1991க்கு முன், நாகை தனி மாவட்டம் ஆனது அந்த வருஷம்தான்.

எழுத்து வடிவமும் பேசும். 'விற்பனை', 'விலை', 'சாலை' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். னை, லை இரண்டும் மேலே தும்பிக்கை சுழித்த பழைய வடிவத்தில் இருந்தால் பெரும்பாலும் 1978க்கு முந்தியது. அந்த வருஷம்தான் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. புது வடிவம் என்றால் 1978க்குப் பிந்தியது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம், பெரியார் வழியில் அச்சடித்தவர்கள் மட்டும் அதற்கு வெகு முன்பே அந்த வடிவத்தை எழுதினார்கள். பழைய வடிவம் அவ்வளவு உறுதி தராது. கை பழகிய பெயின்டர்களும் பழைய அச்சுக்கட்டை வைத்திருந்தவர்களும் அதற்கப்புறமும் பழையபடியே போட்டார்கள்.

சைக்கிள் வில்லை ஒன்று ஹேண்டில்பாரில் தொங்குகிறது. அது என்ன?

நகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ சைக்கிள் வரி கட்டியதற்குக் கொடுத்த தகடு. ஊர்ப் பெயரும் வருஷமும் அடித்திருக்கும். வில்லை இல்லாமல் ஓட்டினால் பிடிப்பார்கள் என்பதைப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அந்த வருஷம் சைக்கிள் அந்த ஊரில் ஓடியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரு வீட்டில் இரண்டு சைக்கிள் இருந்து வில்லை மாறியிருக்கலாம், அதையும் விசாரியுங்கள். பித்தளை என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து வந்த சைக்கிள் என்றால் கணக்கு மாறுமா?

மாறும். நாகப்பட்டினத்தில் கப்பல் நின்ற காலத்தில் மலேயா, சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியவர்கள் சைக்கிளையும் தையல் மிஷினையும் கொண்டுவந்தார்கள். ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அங்கே பத்து வருஷம் ஓட்டிய ராலே இங்கே 1965இல் இறங்கியிருந்தால், வீட்டுக்காரர்களுக்கு அது 1965 சைக்கிள். இங்கே இறக்குமதி குறைந்துவிட்ட பிறகும் டெல்டாவில் இங்கிலாந்துச் சைக்கிள் கண்ணில் படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீட், டயர், வால்வு, பிரேக் கம்பி இவற்றிலிருந்து ஏதாவது?

மிகக் குறைவு. டயரும் டியூபும் அடிக்கடி மாற்றியவை. கம்பி பிரேக், 28 இன்ச் சக்கரம், முன்னால் 32 பின்னால் 40 ஸ்போக்ஸ் என்பதெல்லாம் மாறாமலே பல தலைமுறை வந்துவிட்டன. புரூக்ஸ் பி 66 சீட் 1927இல் வந்தது, அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் செய்தார்கள்.

அப்படியானால் எந்தக் கம்பெனி என்றாவது சொல்லலாமா?

அது எளிது, வருஷத்தைவிட உறுதியாகவும் சொல்லலாம். செயின் வீலிலேயே உருவம் வெட்டியிருப்பார்கள். ராலேயில் நாரை, ரட்ஜில் கை, ஹம்பரில் ஐந்து மனிதர்கள். பெடல் அச்சின் கப்பிலும் ஒரு சோதனை உண்டு. ராலே ஒரு அங்குலத்துக்கு 26 மரை வைத்தது, மற்ற இங்கிலாந்துச் சைக்கிள்கள் பெரும்பாலும் 24. கப் பாதியில் இறுகினால் அடித்து ஏற்றாதீர்கள், மரை வேறு. கம்பெனி கைமாறிய வருஷங்களும் துணைக்கு வரும். ரட்ஜை ராலே 1943இல் வாங்கியது, அதனால் ராலேக்கே உரிய சாமான்கள் கூடவே பிறந்த மாதிரி பொருந்தியிருக்கும் ரட்ஜ் அதற்குப் பின்னால் வந்தது.

எல்லாம் பார்த்த பிறகும் பாகத்துக்குப் பாகம் வேறு வேறு வருஷம் வருகிறது. எதைச் சைக்கிளின் வருஷமாக எடுப்பது?

டெல்டா சைக்கிளில் அப்படி வராவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். நெல் மூட்டையும் உரமும் பால் கேனும் தூக்கிய சைக்கிள் இது. முன் ஃபோர்க் வளைந்தால் சப்போர்ட் கம்பி வைத்த கனமான ஃபோர்க்கைப் போட்டார்கள், கேரியரை வெல்டிங் வைத்தார்கள், வருஷம் ஒருமுறை ஓவராயில் பண்ணும்போது தேய்ந்ததையெல்லாம் மாற்றினார்கள். கடைக்காரர் பரணில் இருபது வருஷம் கிடந்த புதுப் பெடலை எடுத்து மாட்டியிருப்பார், பாகம் பழசு, மாட்டியது நேற்று. வாடகை சைக்கிள் கடையில் ஓடியது என்றால் கேட்கவே வேண்டாம், நான்கு சைக்கிளின் பாகங்கள் ஒன்றில் இருக்கும்.

நான் செய்வது இது. பிரேமுக்கு ஒரு கால இடைவெளி எழுதுவேன். அப்புறம் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக, எதை வைத்து அப்படிச் சொல்கிறேன் என்ற காரணத்தோடு. "பிரேம்: ராலே, 1945க்கும் 1955க்கும் இடையில். ஹப்: 1951, எண் அடித்திருக்கிறது. ரிம்: 1955க்குப் பின், ஐ.எஸ்.ஐ. முத்திரை. சீட்: தெரியாது." ஒரே கிளையில் வராத மூன்று துப்பாவது ஒத்துப்போனால்தான் இடைவெளியைச் சுருக்குவேன். ஹப் தேதியும் ரிம் பெயரும் ஒரே சக்கரத்தில் இருப்பவை, அவை இரண்டு சாட்சி ஆகாது. கடைத் தகடு, வில்லை, கல்யாணப் பத்திரிகை மாதிரி வெளியிலிருந்து வருபவைதான் உண்மையில் பலம் சேர்ப்பவை.

புதுப்பிக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

போட்டோ எடுங்கள், எல்லாப் பக்கமும், ஒவ்வொரு எழுத்தையும் கிட்டத்தில். கழற்றிய நட்டு, வாஷரைக்கூட எந்த இடத்தது என்று எழுதிப் பொட்டலம் கட்டுங்கள். மணல் அடித்துச் சுத்தம் செய்யக் கொடுத்தால் மெல்லிய எண்களும் தங்கக் கோடுகளும் பத்து நிமிஷத்தில் போய்விடும், திரும்பி வராது. பெயின்ட் அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் கடைச் சீட்டு இருக்கும் இடத்தையாவது விட்டுவிடுங்கள்.

விற்கும்போது "1942 மாடல்" என்று போடலாமா?

ஆதாரம் இருந்தால் போடுங்கள், ஆதாரத்தையும் கூடவே காட்டுங்கள். இல்லையென்றால் "1940களின் கடைசி அல்லது 50களின் தொடக்கம், முன் சக்கரமும் சீட்டும் பிற்பாடு மாற்றியவை" என்று போடுங்கள். வாங்குகிறவர் அதையே அடுத்தவரிடம் சொல்வார், இரண்டு கை மாறினால் உங்கள் ஊகம் வரலாறாகிவிடும். விலை கொஞ்சம் குறையலாம். விஷயம் தெரிந்தவர்கள் தேடி வந்து வாங்குவது இப்படி எழுதியவர்களிடம்தான், குறைந்தபட்சம் நான் அப்படித்தான் வாங்குகிறேன்.